ஒத்தி வீடும் வட்டியும்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கிக் கொண்டிருந்தேன். நாகர்கோவில் கடையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அருகே வந்து, "உஸ்தாத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார். மனைவியும் இரு குழந்தைகளும் உடையவர். அவர் பார்த்து வைத்திருக்கும் வீட்டிற்கு மாத வாடகை எட்டாயிரம் ரூபாய். வாடகை வேண்டாமென்றால் ஐந்து லட்சம் ஒத்தியாகக் கொடுத்துவிட்டு இரண்டு ஆண்டுகள் இருந்து கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். மனைவியின் நகைகளை வங்கியில் வைத்தால் பாதிப் பணம் புரண்டுவிடுமாம். "இது கூடுமா, கூடாதா?" என்பது கேள்வி.

வாசகர்களே, ஒத்தி என்றால் என்னவென்று நாஞ்சில் நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய ஓலைகளிலேயே 'ஒற்றி' என்ற சொல் உண்டு. சென்னைப் பக்கத்தில் போகியம் என்பார்கள். இன்றைய இளைஞர்கள் லீஸ் என்கிறார்கள். பெயர் எதுவாயினும் காரியம் ஒன்றே. ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறோம், வாடகையின்றிக் குடியிருக்கிறோம், தவணை முடிந்ததும் கொடுத்த தொகையைக் குறைவின்றித் திரும்பப் பெறுகிறோம். மேற்சொன்ன வீட்டில் இரண்டாண்டு வாடகை ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய். அவ்வளவையும் அனுபவித்த பின்னரும் ஐந்து லட்சம் ஐந்து லட்சமாகவே கைக்கு வருகிறது. இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் சிந்தித்துப் பாருங்கள்.

இளைஞரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. நம் மாவட்டம் அளவிற் சிறியது. சுமார் 1,680 சதுர கிலோமீட்டர்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டர் ஒன்றுக்கு 1,111 பேர் வாழ்ந்தனர். நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தார். (பேரூராட்சிகளையும் நகரமென்றே கணக்கிடுவதால் வயல்வரப்பில் நடப்பவரும் நகரவாசி ஆகிவிடுகிறார், அது வேறு விஷயம்.) 1979ல் இரயில் வந்தது. 2019ல் நாகர்கோவில் மாநகராட்சியாயிற்று. வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் பெரும்பாலும் மனையாகவும் கட்டடமாகவுமே மாறியது. நெல் விளைந்த நிலம் சென்ட் கணக்கில் விலை போகிறது. மனை விலை ஏறினால் வாடகையும் ஏறாமல் என்ன செய்யும்? இவற்றிற்கிடையே, வெளிநாட்டில் இருப்போரின் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. வாடகைக்கு விட்டால் சுவர் அழுக்காகிவிடும் என்று அஞ்சுகிறார்கள்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். திருமறையின் இரண்டாவது அத்தியாயம் கடனை எழுதி வைக்கும்படியும், பிரயாணத்தில் எழுத ஆள் கிடைக்காதபோது அடைமானம் பெற்றுக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. அடைமானம் கடனுக்குப் பாதுகாப்பே தவிர, கடன் கொடுத்தவருக்கு வருமானமன்று. திரும்பப் பெறப்போகும் பணம் கடன். அக்கடனை முன்னிட்டுக் கிடைக்கும் இலாபம் வட்டி. இலாபத்தை ஈர்க்கும் கடனெல்லாம் வட்டியே என்னும் வாசகம் நபிமொழியாக வரும் அறிவிப்பு பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறுவர். ஆனால் அதன் பொருளை ஃபிக்ஹு மேதைகள் ஏற்றுக்கொண்டுள்ளனர். ஸஹீஹுல் புகாரியில் ஒரு செய்தி உண்டு. மதீனாவுக்கு வந்த அபூபுர்தா அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், வட்டி பரவிக் கிடக்கும் நாட்டில் நீர் வசிக்கிறீர், உம்மிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலோ வாற்கோதுமையோ அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர் என்று எச்சரித்தார்கள். வைக்கோலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், இரண்டாண்டு குடியிருப்புக்கு என்ன சொல்வது?

அடகு வைக்கப்பட்ட பிராணிக்குத் தீனி போடுபவர் அதில் ஏறிச் செல்லலாம், பாலைக் கறந்து கொள்ளலாம் என்று நபிமொழி இருக்கிறதே எனச் சிலர் வாதிடுவர். அது தீனிச் செலவுக்கு ஈடாகச் சொல்லப்பட்டது. பெரும்பான்மை இமாம்கள் பிராணியின் பயனும் உடையவருக்கே உரியது என்றனர். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அனுமதித்தபோதும் செலவின் அளவுக்குள் நிறுத்தினார்கள். வீடு தீனி தின்பதில்லை! உரிமையாளர் மனமொப்பி அனுமதித்தால் கூடும் என்று ஹனபி நூல்கள் சிலவற்றில் காணப்படுவது உண்மைதான். எனினும் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், பயனை எதிர்பார்த்தே மக்கள் பணம் கொடுக்கின்றனர். வழக்கமாகிவிட்டது நிபந்தனை இட்டதற்குச் சமம் என்று அந்த வாசலையும் அடைத்துவிட்டார்கள். பேருக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை என்று எழுதிக்கொள்வதும் இதில்தான் அடங்கும். பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்ததற்காக வாடகை குறைந்தால், குறைந்த பங்கே வட்டியாகும்.

கூடாது என்று சொல்லிவிட்டு ஆலிம் வீட்டுக்குப் போய்விடலாம். கேட்டவருக்குப் போக வீடு வேண்டாமா?

கையில் தொகை உள்ளவர் அதைக் கடனாகக் கொடுக்காமல், ஓராண்டு அல்லது ஈராண்டு வாடகையை முன்கூட்டியே செலுத்திவிடலாம். அப்பணம் மாதந்தோறும் கழிந்துபோகும், திரும்பி வராது. முன்பணம் மொத்தமாகக் கிடைப்பதால் வீட்டுக்காரர் வாடகையையே குறைத்துப் பேசினாலும் குற்றமில்லை, ஏனெனில் அங்கே கடன் இல்லை. வீட்டுக்காரருக்கும் இது நல்லது. மகள் திருமணத்திற்காக ஒத்திக்கு விட்டுப் பணத்தைச் செலவழித்துவிட்டு, தவணை வந்ததும் திருப்பித் தர வழியின்றி, இன்னொருவரிடம் அதிக ஒத்தி வாங்கி முதலாமவருக்குக் கொடுத்தவர்களை நான் அறிவேன். கடைசியில் வந்தவர் வீட்டைக் காலி செய்யவும் இயலாமல், பணத்தைப் பெறவும் இயலாமல் தவிப்பார். அவர் கையில் இருப்பதோ வெறும் முத்திரைத்தாள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அனுபவ அடைமானம் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே ஆக வேண்டும்.

வாடகைக்கும் சட்டம் உண்டு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்குப் பதிலாக 2017ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை எவ்வளவு என்பதை இருவரின் ஒப்பந்தத்திற்கே விட்டுவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு விதமாக இருவரும் ஒப்புக்கொண்டாலன்றி முன்வைப்புத் தொகை மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. காலி செய்தபின் பாக்கி போக ஒரு மாதத்தில் அதைத் திருப்பித் தர வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது. நம்மவர்களில் எத்தனை பேர் இப்படி எழுதிக்கொள்கிறோம்? கடனை எழுதச் சொல்லும் வசனம் திருமறையிலேயே மிக நீளமானது என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மதீனாவில் விலை ஏறியபோது விலையை நிர்ணயிக்குமாறு மக்கள் கேட்க, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, வாடகையில் எவரும் தலையிடக்கூடாது என்று வீட்டுக்காரர் ஒருவர் என்னிடம் வாதாடினார். அந்த ஹதீஸ் உண்மை. ஆனால் விற்பவர்களின் அநீதியால் விலை ஏறும்போது ஆட்சியாளர் தலையிடலாம் என்று இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். ரியாத் நகரில் வாடகை கட்டுமீறியபோது, 2025 செப்டம்பரில் சவூதி அரசு அங்கே ஐந்தாண்டுகளுக்கு வாடகை உயர்வை நிறுத்தி வைத்தது. நம் ஊரிலிருந்து அங்கு சென்று அறை வாடகை கொடுத்துக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும். அவர்களில் சிலரே இங்கு வீட்டுக்காரர்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

அந்த இளைஞரிடம் நகையை வைக்க வேண்டாம் என்றேன். வட்டிக்கு வாங்கி வட்டியை அனுபவிப்பதாக முடியும். ஜமாஅத் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு, வெளிநாட்டிலுள்ள ஒருவரின் பூட்டிக் கிடந்த வீட்டைக் கேட்டுப் பார்த்தோம். தொலைபேசியில் இரண்டு நாட்கள் தயங்கியவர், மூன்றாம் நாள் ஆறாயிரத்துக்கு ஒப்புக்கொண்டார். முன்வைப்பு பதினெட்டாயிரம். பதினோரு மாதம் முடிந்ததும் ஒப்பந்தத்தை மறுபடியும் பேசிக்கொள்ள வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதை மட்டும் அவர் தனியே எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்தோம்.