தரையில் உருளும்போது எந்த என்ஜினை நிறுத்துவது?

நான்கு டர்போபிராப் என்ஜின்கள் கொண்ட பழைய பயணிகள் விமானம் தரையிறங்கி ஓடுபாதையை விட்டு விலகியதும், இரண்டு என்ஜின்களை அணைத்துவிட்டு மற்ற இரண்டின் இழுவையிலேயே நிறுத்துமிடம் வரை உருண்டு செல்வதுண்டு. எரிபொருள் மிச்சமாகும் என்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. அந்த என்ஜின்கள் கட்டப்பட்ட விதமே முதல் காரணம்.

உலகின் முதல் டர்போபிராப் பயணிகள் விமானமான விக்கர்ஸ் விஸ்கவுண்ட் 1948 ஜூலை 16 அன்று முதன்முறை பறந்தது. 1953 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஐரோப்பியன் ஏர்வேஸ் அதை வழக்கமான சேவைக்குக் கொண்டுவந்தது. அதன் நான்கு ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் என்ஜின்களிலும் காற்றை அழுத்தும் கம்ப்ரசர், சூடான வாயுவால் சுழலும் டர்பைன், முன்னால் உள்ள புரொப்பெல்லர் ஆகிய மூன்றும் ஒரே தண்டில் பிணைக்கப்பட்டவை. நிமிடத்துக்கு 15,000 சுற்று சுழலும் தண்டின் வேகத்தைப் பற்சக்கரங்கள் ஏறத்தாழ 1,400 சுற்றாகக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கின்றன. நடுவில் கிளட்ச் கிடையாது. கிளட்ச் இல்லாத மோட்டார் சைக்கிள் போல, என்ஜின் உயிரோடு இருக்கும்வரை புரொப்பெல்லரும் சுழன்றே ஆகவேண்டும்.

ஐடிலிங் வேகத்தையும் ஓரளவுக்குமேல் குறைக்க முடியாது. குறைத்தால் கம்ப்ரசர் தள்ளும் காற்று போதாமல் டர்பைனின் வெப்பம் ஏறிவிடும். ஆகவே நான்கு என்ஜின்களும் சும்மா ஓடினாலும், எரிபொருளைத் தீர்த்து எடை குறைந்து வந்திருக்கும் விமானம் தேவைக்கு மேல் வேகமெடுக்கப் பார்க்கும். பிரேக்கை ஓயாமல் அழுத்தினால் சக்கரங்கள் சூடாகும், பிரேக் தேயும். இதைச் சமாளிக்க டார்ட் விமானங்களின் புரொப்பெல்லர் தகடுகளைத் தரையில் ஏறக்குறைய தட்டையாகத் திருப்பிவிடும் ஏற்பாடு இருந்தது. தட்டையான தகடு காற்றைப் பின்னால் தள்ளுவதில்லை. சுழல்வதற்கும் அதிக விசை கேட்பதில்லை. என்ஜினைத் தொடங்கும்போதும் இதே நிலைதான் வேண்டும். பறக்கும்போது தகடுகள் இந்த நிலைக்குப் போனால் விமானம் திடீரென இழுத்துப் பிடிக்கப்படும் என்பதால் அதைத் தடுக்கத் தனிப் பூட்டு உண்டு. தரையில் இறங்கிய பிறகே அந்தப் பூட்டு விலகும்.

அமெரிக்காவின் லாக்ஹீட் எலெக்ட்ராவில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1957 டிசம்பரில் முதன்முறை பறந்த அந்த விமானத்தின் அலிசன் என்ஜின்களும் ஒற்றைத் தண்டு வகைதான். பறக்கும்போது அவை எப்போதும் நிமிடத்துக்கு 13,820 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடும். கூடுதல் இழுவையோ குறைந்த இழுவையோ, அதைத் தகடுகளின் கோணமும் எரிபொருளின் அளவுமே தீர்மானிக்கும். தரையில் இதே வேகம் தொடர்ந்தால் இரைச்சல் காதைத் துளைக்கும் என்பதால், சுமார் 10,000 சுற்றுக்கு இறக்கும் குறைவேக நிலை ஒன்றை வைத்தார்கள். அதுவும் குறைந்த வேகமல்ல. பிரேக்கைத் தொடாமலே தகடுகளின் கோணத்தால் உருளும் வேகத்தை அடக்க எலெக்ட்ரா விமானியால் முடியும். ஆனாலும் கம்ப்ரசரைச் சுழற்றுவதற்கென்றே எரிந்துகொண்டிருக்கும் எரிபொருளை என்ஜினை அணைத்தால்தான் மிச்சப்படுத்த முடியும்.

எந்த இரண்டை அணைப்பது என்பதே நுட்பமான கேள்வி. என்ஜின்களை இடது கோடியிலிருந்து ஒன்று முதல் நான்கு வரை எண்ணுவார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என அணைத்தால் விமானம் நேராகப் போகும். உள்புற இரண்டையும் ஓடவிட்டால் ஒருபக்க இழுப்பு குறைவு. ஆனால் பயணிகள் ஏறி இறங்கும் இடப்பக்கக் கதவுக்கு அருகே சுழல்வது அந்த உள்புறப் புரொப்பெல்லர்தான். வெளிப்புற இரண்டையும் ஓடவிட்டால் அவற்றின் இழுவையைக் கூட்டிக் குறைத்து விமானத்தை எளிதாகத் திருப்பலாம். பிரேக்குக்கும் முன்சக்கரத்தைத் திருப்பவும் அழுத்தம் தரும் பம்பு எந்த என்ஜினில் இருக்கிறது, ஜெனரேட்டர் எதில் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். எலெக்ட்ராவிலிருந்து உருவான ஓரியான் கடற்படை விமானத்தில் முதல் என்ஜினுக்கு ஜெனரேட்டர் இல்லை. அதனால்தான் நீண்ட கண்காணிப்புப் பறத்தலில் எரிபொருளைச் சேமிக்க முதலில் அணைக்கப்படுவது அந்த என்ஜின்.

இறங்கிய உடனே எரிபொருளை வெட்டிவிடவும் கூடாது. டர்பைனைச் சுற்றியுள்ள உறை மெல்லியது, சீக்கிரம் ஆறிச் சுருங்கும். கனத்த சுழலி மெதுவாக ஆறும். இடைவெளி குறைந்து டர்பைன் தகடுகளின் நுனி உறையில் உரசக்கூடும். தாங்கிகளில் தேங்கும் எண்ணெயும் சூட்டில் கரியாகும். எனவே சில நிமிடங்கள் குறைந்த சக்தியில் ஓடவிட்ட பிறகே அணைப்பது முறை. மெதுவாக உருண்டு வரும் நேரம் பெரும்பாலும் இதற்குப் போதும். அணைத்த பிறகு தண்டு சுழன்று அடங்கும் ஓசையை அனுபவமுள்ள மெக்கானிக்குகள் உன்னிப்பாகக் கேட்பார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் நின்றாலோ உரசல் கேட்டாலோ என்ஜினுக்குள் ஏதோ சரியில்லை என்று பொருள்.

புறப்படும்போது இதே சிக்கனத்தைக் கடைப்பிடிப்பது அவ்வளவு எளிதல்ல. மீதி என்ஜின்களை ஓடுபாதையின் முனையில் தொடங்க வேண்டும். அவை சூடேற நேரம் தரவேண்டும். பின்காற்று அடித்தால் தொடங்கும்போதே வெப்பம் எல்லையைத் தாண்டலாம். ஒன்று தொடங்க மறுத்தால் விமானம் திரும்பி வரவேண்டும். நிறைந்த எரிபொருளோடும் பயணிகளோடும் கனத்திருக்கும் விமானத்தை இரண்டு என்ஜின்களால் நகர்த்த அதிக சக்தி கொடுக்கவேண்டியிருப்பதால், பின்னால் வீசும் காற்று தூசியையும் கற்களையும் கிளப்பும். இந்தச் சிக்கனம் தரையிறங்கிய பிறகே பொருத்தமானது என்பது இவற்றைப் பார்த்தாலே விளங்கும்.

இந்தியன் ஏர்லைன்ஸ் ஒருகாலத்தில் விஸ்கவுண்ட், ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப், கான்பூரில் கட்டப்பட்ட ஆவ்ரோ 748 ஆகிய மூன்றையும் இயக்கியது. மூன்றிலும் டார்ட் என்ஜின்தான். பின்னவை இரண்டும் இரட்டை என்ஜின் விமானங்கள். ஒன்றை அணைத்தால் இழுப்பு முழுவதும் ஒரே பக்கம் வரும் என்பதால், உருளும்போது அணைப்பதைவிட நின்ற பிறகு எதை முதலில் அணைப்பது என்பதே அவற்றில் முக்கியம். பயணிகள் கதவு இடப்பக்கம் என்பதால் முதலில் நிற்கவேண்டியது இடது என்ஜின். வெளி மின்சாரம் கிடைக்காத சிறு நிலையங்களில், வலது என்ஜினை ஓடவிட்டபடியே பயணிகளை ஏற்றி இறக்கினால் பேட்டரியை நம்பி மறுபடி தொடங்கவேண்டிய அவசியம் இல்லை.

டார்ட் மட்டுமல்ல, டோர்னியர் 228 விமானத்தில் உள்ள காரெட் என்ஜினும் ஒற்றைத் தண்டு வகை. அதை அணைக்கும்போது விமானி நெம்புகோலைப் பின்னோக்கி இழுத்து, தகடுகளைத் தட்டை நிலையில் பிடித்துவைக்கும் சிறு பூட்டுகள் விழும்படி செய்யவேண்டும். மறந்துவிட்டால் எண்ணெய் அழுத்தம் இறங்கியதும் ஸ்பிரிங் தகடுகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிடும். அந்த நிலையில் என்ஜினைத் தொடங்க முடியாது, தனிப் பம்பால் தகடுகளை மீட்டாக வேண்டும். நின்ற என்ஜினின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிடச் சூடாக இருப்பதால் தண்டு லேசாக வளையவும் கூடும். அதைத் தவிர்க்கப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவார்கள்.

வேலை முடிந்து நிற்கும் டார்ட் விமானத்தில் புரொப்பெல்லர்களைப் பட்டையால் இழுத்துக் கட்டுவதற்கும் அந்த ஒற்றைத் தண்டே காரணம். காற்று தகடுகளைச் சுற்றினால் பற்சக்கரங்களோடு என்ஜின் முழுவதும் சுழலும். அந்த மெதுவான சுழற்சியில் எண்ணெய்ப் பம்பு போதிய எண்ணெயைத் தாங்கிகளுக்கு அனுப்பாது. தாங்கிகள் வறண்டு தேயும்.