பாடநூலைக் கற்கும் முறை

ஒரு பாடத்தைப் பன்முறை வாசித்தும் வினாத்தாளின் முன் ஒன்றுந் தோன்றாது கலங்கும் மாணாக்கர் பலர். அவரை மந்தர் என்று வீட்டார் நோவர். அவரும் அதனை நம்பிப் படிப்பைக் கைவிடுவர். குறை பெரும்பாலும் அறிவிலன்று. கற்கும் முறையிலேயே உளது.

மறிச்சுக்கட்டிக் கரையில் 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பு நடைபெற்றது. கல்லின் துணையாற் கடலடியை அடைந்தோர் அள்ளி வந்தது சிப்பியேயன்றி முத்தன்று. அதனைக் கரையில் அழுகவிட்டுக் கழுவி அரித்த பின்னரே முத்துக் கிடைத்தது. கண்ணால் வாசித்தல் சிப்பி அள்ளுதலை ஒக்கும். நூலை மூடி நினைவுகூர்தலே முத்தெடுத்தலாம்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பவணந்தி முனிவர் இயற்றியதும் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்டதுமாகிய நன்னூல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றைச் சிந்தித்தல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடையிறுத்தல் முதலியவற்றைக் கற்கும் இயல்பாக வகுக்கின்றது. ஆசிரியர்பாற் கேட்பதனாற் காற்பங்கு புலமையே வரும். உடன்கற்போரோடு பயில்வதனால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு விரித்துரைப்பதனால் வரும் என்பதும் அந்நூலின் கருத்து.

அமெரிக்க உளவியலறிஞர் ரோடிகர், கார்ப்பிக்கி என்போர் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தோரே முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின்னரோ, நூலைப் பாராது நினைந்து எழுதிப் பழகியோரே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். வாசித்தவுடன் மனத்தில் நிற்பதைக் கண்டு, பாடம் வந்துவிட்டது என மாணாக்கர் மயங்குதல் இதனாலேயே.

ஆதலின் செய்யத்தக்கன இவை:

1. முதலில் தலைப்புகளையும் படங்களையும் இறுதி வினாக்களையும் நோக்குக. ஒவ்வொரு தலைப்பையும் ஒரு வினாவாக மாற்றுக.

2. அவ்வினாவுக்கு விடை தேடி, ஒரு பகுதியை மட்டும் வாசிக்க.

3. நூலை மூடி, விளங்கியதைச் சொந்த நடையில் எழுதுக. பின்னர் நூலைத் திறந்து விடுபட்டதைச் சேர்க்க. கணக்காயின், செய்துகாட்டிய கணக்கை மறைத்துவிட்டுத் தானே செய்க.

4. மறுநாளும், ஒரு வாரங் கழித்தும் அவ்வாறே நினைவுகூர்க.

5. தோழன் ஒருவனுக்கு எடுத்துரைக்க. எங்கே நா தடுமாறுகின்றதோ அங்கே மீண்டும் வாசிக்க.

வீட்டிற் சொல்லிக்கொடுப்பார் இல்லாத பிள்ளைக்கு இம்முறை பெருந்துணையாகும். தனி வகுப்புக்குப் பணம் வேண்டும். இதற்கோ ஒரு பாடநூலும் ஒரு கொப்பியும் போதும். நம் நாட்டிற் பாடநூல் 1980 தொடக்கம் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. பழைய மாணவர்கள் தத்தம் அயலிலுள்ள பிள்ளையை நூலை மூடச்சொல்லி, “இன்று என்ன படித்தாய்?” என்று கேட்டுச் சற்றுநேரம் செவிசாய்ப்பாராயின், அதுவுங் கல்லூரிக்கு ஆற்றும் நற்றொண்டேயாம்.