உயிர் காக்க ஓடும் கால்களுக்கு எந்தப் பூட்சு?

கனடா நாட்டில் வின்னிபெக் என்று ஒரு நகரம் இருக்கிறது.

குளிருக்குப் பெயர் போன நகரம் அது. ஜனவரி மாத இரவில், பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பது அங்கே சர்வ சாதாரணம். 30 டிகிரிக்கும் இறங்குவது உண்டு. 1879-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி, பூஜ்யத்துக்குக் கீழே 47.8 டிகிரி வரை போய்விட்டது! (எல்லாம் சென்டிகிரேடு கணக்கு.)

இது எவ்வளவு குளிர் தெரியுமா? நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், ஐஸ் உறைய வைக்கும் அறை இருக்கிறதே, அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 18 டிகிரிதான். வின்னிபெக்கில் இரவில் தெருவில் நிற்பவன், ஐஸ் பெட்டிக்குள் நிற்பவனைவிட அதிகக் குளிரில் நிற்கிறான்!

அந்தக் குளிரிலும் மனிதனுக்கு மார்வலி வரும். கார்கள் மோதிக்கொள்ளும். தாத்தா வாசற்படியில் வழுக்கி விழுவார். கர்ப்பிணிக்கு இடுப்பு வலி எடுக்கும்.

உடனே டெலிபோன் மணி அடிக்கும்.

அவசர உதவிக்கு ஒரே ஒரு எண் என்ற ஏற்பாட்டை வட அமெரிக்காவில் முதன்முதலாகச் செய்தது இந்த வின்னிபெக்தான். 1959-ம் ஆண்டில் 999 என்ற எண்ணைக் கொடுத்தது. பிறகு அது 911 ஆக மாறியது.

மணி அடித்ததும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஓட வேண்டும். ஓடுவதற்குக் கால் வேண்டும். காலைக் காப்பாற்றப் பூட்சு வேண்டும்.

"தடித்த பூட்சாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டால் போகிறது!" என்று நீங்கள் சொல்லலாம்.

அதுதான் இல்லை. தடித்த பூட்சே ஆளைக் கவிழ்த்துவிடுவது உண்டு.

காலை முதலில் கைவிடும் உடம்பு

குளிர் தாக்கும்போது, உடம்பு ஒரு காரியம் செய்கிறது. இருதயத்தையும், மூளையையும் முதலில் காப்பாற்றப் பார்க்கிறது. அதற்காகக் கைகால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது.

இரத்தம்தான் காலுக்குச் சூட்டைக் கொண்டுபோகிறது. இரத்தம் குறைந்தால் சூடும் குறையும். முதலில் விரல் வலிக்கும். பிறகு மரத்துப்போகும். மரத்த பிறகு வலி தெரியாது.

வலி போய்விட்டதே என்று மகிழக் கூடாது. ஆபத்து தொடங்குவதே அங்கேதான். சதை உறைந்துவிட்டால், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

நெப்போலியன் படையின் டாக்டர்

ஆம்புலன்சுக்கும், பனிக்கும் உள்ள உறவு மிகப் பழையது.

பிரெஞ்சுப் படையில் லாரே என்று ஒரு டாக்டர் இருந்தார். போர்க்களத்தில் அடிபட்டவர்களை உடனுக்குடன் தூக்கி வர, 1792-ம் ஆண்டு வாக்கில் குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தவர் அவர். "பறக்கும் ஆம்புலன்ஸ்" என்று அந்த வண்டிகளுக்குப் பெயர்.

அதே லாரே, 1812-ம் ஆண்டில் நெப்போலியனுடன் ரஷியாவுக்குப் போனார். மாஸ்கோவில் இருந்து படை திரும்பியபோது, குளிர் பிடித்துக்கொண்டது. உறைந்த கால்களை வீரர்கள் இரவில் நெருப்பில் காட்டினார்கள். மறுநாள் மீண்டும் பனியில் நடந்தார்கள். கால்கள் அழுகின.

நெருப்பில் காட்டுவது கெடுதல் என்று லாரே கண்டுகொண்டார். அது சரி. ஆனால், "பனியைக் கொண்டு தேயுங்கள்" என்று சொன்னார். அது தவறு என்று பிற்காலத்தில் தெரிந்தது.

இன்றைய வைத்திய முறை வேறு. உறைந்த காலைத் தேய்க்கக் கூடாது. நெருப்பில் காட்டக் கூடாது. 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். மீண்டும் பனியில் நடக்க வேண்டியிருந்தால், இடம் போய்ச் சேரும் வரை சூடாக்காமல் இருப்பதே நல்லது. உருகி மறுபடி உறைந்தால் சேதம் அதிகம்.

ஈரம்தான் எதிரி

குளிரைவிடப் பெரிய எதிரி ஒன்று உண்டு. அது ஈரம்.

முதலாவது உலகப் போரில், வீரர்கள் பதுங்கு குழிகளில் நாள் கணக்கில் சேற்றில் நின்றார்கள். அங்கே தண்ணீர் உறையவில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான வீரர்களின் கால்கள் வீங்கிக் கெட்டன. காலுறையை அடிக்கடி மாற்றி, பாதத்தை உலர்த்தும்படி உத்தரவு போட்ட பிறகே நோய் குறைந்தது.

1950-ம் ஆண்டு கொரியாப் போரில் நடந்தது இன்னும் பெரிய பாடம்.

சோசின் என்ற நீர்த்தேக்கத்தின் அருகே அமெரிக்க வீரர்கள் சிக்கிக்கொண்டார்கள். குளிரோ பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. அவர்கள் போட்டிருந்த பூட்சின் அடிப்பாகம் ரப்பர். மேல்பாகம் தோல். வெளித் தண்ணீர் உள்ளே வராது.

ஆனால், உள்ளே உள்ள வேர்வை வெளியே போகுமா? போகாது!

மலை ஏறும்போது கால் வேர்த்தது. காலுறை நனைந்தது. நின்றதும், அந்த வேர்வையே உறைந்துவிட்டது. எதிரியின் குண்டுக்குத் தப்பிய பலர், தங்கள் பூட்சுக்குத் தப்பவில்லை.

ஆம்புலன்ஸ் ஊழியரின் வேலையும் இதே மாதிரிதான். சூடான வண்டிக்குள் இருக்கிறார். திடீரென்று குளிரில் இறங்குகிறார். ஸ்டிரெச்சரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்குகிறார். கால் வேர்க்கிறது. அடுத்த அழைப்பு, விபத்து நடந்த சாலை. காருக்குள் சிக்கியவரை வெளியே எடுக்கும் வரை, அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறார்.

ஆகவே, குளிரைத் தடுக்கும் பூட்சு மட்டும் போதாது. வேர்வையை வெளியேற்றும் பூட்சு வேண்டும்.

வாணலியில் இருந்து வந்த வழி

இதற்கு வழி கண்டவர் பாப் கோர் என்ற அமெரிக்கர்.

தோசை ஒட்டாத வாணலியின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது அல்லவா? அதே பொருளை 1969-ம் ஆண்டில் அவர் சூடாக்கினார். மெதுவாக இழுத்தால் அறுந்து போயிற்று. வெடுக்கென்று இழுத்தார். ரப்பர் மாதிரி நீண்டுவிட்டது!

அப்படி நீட்டிய தகட்டில், கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருந்தன. நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறிய துளைகள். ஆனால் ஆவி நுழைந்துவிடும். மழையும், பனிநீரும் வெளியே நிற்கும். வேர்வை ஆவியாகி வெளியே போகும். இதுதான் "கோர்-டெக்ஸ்". இதைப் போன்ற வேறு தகடுகளும் இப்போது பூட்சுகளின் உள்ளே வைத்துத் தைக்கப்படுகின்றன.

எத்தனை கிராம்?

குளிர்கால பூட்சில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று எழுதியிருக்கும். அது பூட்சின் எடை அல்ல. உள்ளே வைத்திருக்கும் செயற்கைப் பஞ்சின் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பஞ்சு எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அந்த எண்.

எண் ஏற ஏற, கதகதப்பும் ஏறும். வேர்வையும் ஏறும்!

ஓடி ஆடி வேலை செய்பவருக்கு, சாதாரணக் குளிரில் 200 கிராம் போதும். கடுங்குளிர் ஊரில் 400 கிராம் நல்லது. அதற்கு மேலே, நெடுநேரம் வெளியில் நிற்க வேண்டியவருக்குத்தான். பெட்டியின் மேல் "இத்தனை டிகிரி குளிர் தாங்கும்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. நடப்பவனுக்குத் தாங்குவது, நிற்பவனுக்குத் தாங்காது.

மிகவும் பருத்த பூட்சில் இன்னொரு தொல்லை. ஆம்புலன்சை ஓட்டும்போது, ஒரே மிதியில் இரண்டு பெடலும் அழுந்திவிடும்!

முன்விரலுக்கு ஒரு கவசம்

ஸ்டிரெச்சரின் சக்கரம் காலில் ஏறினால் என்ன ஆகும்? விரல் நசுங்கும். ஆகவே விரல் பக்கம் கவசம் தேவை.

கனடாவில் பூட்சின் மேல் பச்சை முக்கோண முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 22 கிலோவுக்கு மேற்பட்ட எடை, 56 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விழுந்தாலும் விரல் தப்பும் என்பது அதன் பொருள். ஆணியும் அடியில் குத்தி ஏறாது.

அந்தக் கவசம் இரும்பில் இருந்தால், குளிரை விரலுக்குக் கடத்திவிடும். நாரும் பிசினும் கலந்து செய்த கவசம் அவ்வளவாகக் கடத்தாது. குளிர் நாட்டுக்கு இரண்டாவதே ஏற்றது.

வழுக்கினால் இருவருக்கும் ஆபத்து

ஊழியர் வழுக்கி விழுந்தால், அவர் மட்டுமா விழுவார்? ஸ்டிரெச்சரில் உள்ள நோயாளியும் விழுவார்!

கனடாவின் டொரண்டோ நகரில், பூட்சுகளைச் சோதிப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி அறை இருக்கிறது. தரை முழுவதும் பனிக்கட்டி. அந்தத் தரையைச் சாய்க்கலாம். பாதுகாப்பு வார் கட்டிய ஆட்கள், பூட்சு போட்டுக்கொண்டு ஏறி இறங்குவார்கள். வழுக்கும் வரை தரையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள்.

7 டிகிரி சாய்வில் வழுக்காமல் நடந்தால், அந்தப் பூட்சுக்கு ஒரு "பனிப்பூ" மார்க். 11 டிகிரிக்கு இரண்டு. 15 டிகிரிக்கு மூன்று.

2016-ம் ஆண்டில் வெளியான முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. சோதித்தவை 98 வகை பூட்சுகள். அவற்றில் ஒரு மார்க்காவது வாங்கியவை, நூற்றுக்கு எட்டே எட்டு!

சாதாரண ரப்பர் குளிரில் இறுகிவிடும். இறுகினால் பிடிப்பு போய்விடும். ஆகவே, குளிரிலும் இளகி இருக்கும் அடிப்பாகமா என்று கேட்டு வாங்க வேண்டும். பூட்சின் மேல் மாட்டும் முள் வார்களும் உண்டு. தெருவுக்கு அவை நல்லவை. ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கேதான் விழ நேரும்.

போட்டுப் பார்க்கும் முறை

மாலையில் கடைக்குப் போகவேண்டும். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு.

குளிர்காலக் காலுறையைப் போட்டுக்கொண்டே பூட்சுக்குள் கால் விடவேண்டும். உள்ளே விரல்களை ஆட்ட முடிய வேண்டும். இறுக்கமான பூட்சு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். "இரண்டு காலுறை போட்டால் இரட்டைச் சூடு" என்று நினைத்து, இறுக்கிப் போட்டுக் காலை மரக்க வைப்பவர்கள் பலர்.

பிறகு மண்டியிட்டுப் பார்க்க வேண்டும். நின்றுபோன இருதயத்தை அமுக்கி இயக்க, ஊழியர் மண்டியிட்டுத்தான் ஆகவேண்டும். அப்போது பூட்சு வளைய வேண்டும். பக்கத்தில் ஜிப் இருந்தால், நள்ளிரவு மணி அடித்ததும் சட்டென்று மாட்டலாம். ஜிப்பின் பின்னால் தண்ணீர் புகாத மடிப்பு இருப்பது அவசியம்.

இரத்தம் உள்ளே ஊறாமல் இருக்கவேண்டும். துணி வைத்துத் தைத்த பூட்சு இரத்தத்தைக் குடித்துவிடும். துடைத்தால் சுத்தமாகும் பூட்சே இந்த வேலைக்கு நல்லது.

உங்கள் வீட்டுக்கும் இது உதவும்

நம் ஊரில் இந்தப் பூட்சுக்கு வேலை இல்லை. ஆனால், நம் பிள்ளைகள் பலர் கனடாவுக்குப் படிக்கவும், வேலைக்கும் போகிறார்கள். டொரண்டோவில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்கே போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பருத்திக் காலுறை வேண்டாம். அது வேர்வையைக் குடித்து, ஈரத்துணி மாதிரி காலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளிக் காலுறை, ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும்.

பையில் இன்னொரு ஜோடி காலுறை எப்போதும் இருக்கட்டும். நனைந்தால் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இரவில் பூட்சின் உள்தகட்டை வெளியே எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும். அடுப்பின் அருகே வைத்தால், தோல் வெடிக்கும். பசை விட்டுப்போகும். இரண்டு ஜோடி பூட்சு வாங்க வசதி இருந்தால், ஒன்று உலரும்போது மற்றொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

கால் மரத்துவிட்டது என்று தெரிந்தால், வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். உடனே கதகதப்பான இடத்துக்குப் போகவேண்டும்.

நல்ல பூட்சின் விலை அதிகம்தான். ஆனால், கடையில் பூட்சு கிடைக்கும். கால் விரல் கிடைக்காது!