வலைவழித் தொடக்கமும் பல சேவையகங்களும்

சிவனொளிபாத மலையின் அடிவாரமாகிய நல்லதண்ணியில் நின்று உச்சிக்கு வழி வினவும் யாத்திரிகன் ஒருவனுக்கு, இரத்தினபுரிப் பக்கத்து வழியின் அடையாளங்களை ஒருவர் உரைப்பாராயின் அவன் நிலை யாதாகும்? இரு வழிகளும் ஒரே முடியைச் சேர்வனவே, உரைத்தவரும் பொய்யுரைத்தாரல்லர். எனினும், நிற்கும் இடத்துக்கு ஒவ்வாத விடை பயணத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடும். வலையமைப்பின் வழியே தொடங்கும் கணினிகளுக்கும் இத்தகைய இடர் நேர்வதுண்டு.

வன்தட்டில்லாத கணினி, தனக்கு வேண்டிய பணிசெயல் முறைமையை வேறொரு சேவையகத்திலிருந்து பெற்று இயங்கத் தொடங்குவதே வலைவழித் தொடக்கம் எனப்படும். இன்டெல் நிறுவனம் 1999இல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 வரன்முறை இதற்கு அடிப்படையாயிற்று. பழைய கணினிகளைக் கொண்டே ஆய்வுகூடம் நடத்தும் பாடசாலைக்கு இம்முறை பெருந்துணையாகும். சேவையகம் ஒன்றைச் செம்மை செய்தால் முப்பது கணினிகளும் செம்மையுறும். பிழை நேரினோ முப்பதும் ஒருங்கே முடங்கும். மாணவரின் பாடவேளையும் வீணாகும்.

மின்விசை பெற்ற கணினி தன் முகவரியை அறியாது; சேவையகத்தின் முகவரியையும் அறியாது. ஆதலின் அது வலையமைப்பிலுள்ளார் அனைவரும் கேட்குமாறு வினவுகின்றது. டி.எச்.சி.பி. நெறிப்படி இவ்வினா 67ஆம் துறைக்குச் செல்லும். முகவரி வழங்குவது ஒரு சேவையகமாகவும், தொடக்கக் கோப்பின் பெயரை மட்டும் உரைப்பது மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். பின்னதற்குப் பதிலி டி.எச்.சி.பி. என்று பெயர். இவ்விரண்டும் தத்தம் தொழிலோடு அமையின் இடையூறில்லை. லினக்சுக்கென ஒன்றும் விண்டோசுக்கென ஒன்றுமாக இரு தொடக்கச் சேவைகள் ஒரே வினாவுக்கு விடையிறுக்கும்போதே இடர் தோன்றுகின்றது. எவ்விடையைக் கொள்வது என்பது கணினியுள் பதிந்த நிலைபொருளைப் பொறுத்தது. முந்தி வந்ததையே கொள்வனவும் உள. ஆகவே காலையில் இயங்கிய கணினி மாலையில் இயங்காதொழியும். குறை கணினியினது என்று பிழைபட எண்ணவும் நேரும்.

திரையில் தோன்றும் பிழைக்குறியே முதற்சான்று. இ51 என்பது எச்சேவையும் விடையிறுக்கவில்லை என்பதைக் காட்டும். அப்போது கம்பியையும் ஆளியையும் நோக்குதல் வேண்டும். இ53 எனின் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்பது பொருள். இ55 எனின் பதிலிச் சேவை 4011ஆம் துறையில் மறுமொழி தரவில்லை என்பதாம். முன்னொருகால் முகவரிச் சேவையகத்தில் அமைத்த 60ஆம் தெரிவு, அச்சேவை நீங்கிய பின்னும் எஞ்சியிருத்தல் இதற்கு ஒரு காரணமாகலாம். இ32 எனின் கோப்பை அனுப்பும் டி.எஃப்.டி.பி. சேவையிடமிருந்து உரிய காலத்தில் விடை வரவில்லை; சேவையகத்தின் முகவரி பிழைபட்டிருக்கலாம், அன்றி அரண் தடுத்திருக்கலாம்.

அடுத்து, வயர்ஷார்க் போன்ற கருவியால் அதே வலையமைப்பிற் செல்லும் பொதிகளை நோக்குதல் வேண்டும். ஒரு வினாவுக்கு எத்தனை விடைகள் எழுந்தன, எம்முகவரியிலிருந்து எழுந்தன, எக்கோப்பைக் குறித்தன என்பன அங்கே தெளிவாகும். பின்னர்ச் சேவைகளுள் ஒன்றை நிறுத்தி, கணினியை மீளத் தொடக்கிப் பார்க்க ஐயம் நீங்கும்.

பரிகாரம் மூவகைப்படும். முதலாவது, முகவரி வழங்குதலையும் தொடக்கச் செய்தி உரைத்தலையும் தனித்தனியே ஒரே சேவைக்கு உரியனவாக்குதல். அச்சேவை, வினாவில் வரும் 93ஆம் தெரிவை நோக்கிக் கணினியின் வகையறிந்து விடையிறுத்தல் வேண்டும். 0 என்பது பழைய பயாஸ் வகை. 7 என்பது 64 பிட் யு.இ.எஃப்.ஐ. வகை. ஒன்றன் கோப்பு மற்றொன்றுக்கு உதவாது. இரண்டாவது, இரு சேவைகளும் வேண்டுமெனின் ஐ.பி.எக்ஸ்.இ. கொண்டு ஒரே பட்டியலமைத்து, வேண்டியதைப் பயில்வோரே தெரிவு செய்ய விடுதல். மூன்றாவது, ஆளியில் வலையமைப்பைப் பகுத்து ஒவ்வொரு சேவைக்கும் தனி எல்லை வகுத்தல்.

பல சேவைகள் ஒரு வலையமைப்பில் இருத்தல் குற்றமன்று. எவ்வினாவுக்கு எது விடையிறுப்பது என்னும் வரையறை இன்மையே குற்றமாகும். ஆதலின், கணினியைக் கழற்றிப் பார்க்குமுன் அதற்கு விடையிறுப்போர் எத்தனையர் என எண்ணிப் பார்த்தலே அறிவுடைமை.