கல்லூரியின் முதல் நாட்கள்

பாலாற்றின் நீரைத் தேக்கும் ஏரியினால் பெயர் பெற்ற ஊர் பேத்தமங்களா. கோலார் தங்கவயலுக்கு நெடுங்காலம் குடிநீர் வழங்கிய சிறப்பும் இவ்வூருக்கு உண்டு. இங்கிருந்தும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்தும் ஆண்டுதோறும் மாணவ மாணவியர் கல்லூரிப் படிப்பை நாடி வெளியே செல்கின்றனர். சிலர் பேருந்தேறித் தங்கவயலுக்குச் செல்வர். சிலர் பங்காருப்பேட்டையில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போவர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்களும் இவர்களுள் உளர்.

1956 ஆம் ஆண்டில் அரசுடைமையாக்கப்பட்ட தங்கச் சுரங்கங்கள் 2001 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டன. தந்தையைத் தொடர்ந்து மகனும் சுரங்கத்திற்குள் இறங்கிய காலம் அத்துடன் முடிவுற்றது. ஆகவே, இப்பகுதிப் பெற்றோர் தம் மக்களின் கல்வி மீதே பெரும் நம்பிக்கை வைத்துள்ளனர். அந்த நம்பிக்கையைச் சுமந்து வரும் மாணவன் முதல் மாதத்திலேயே மனம் தளர்ந்து படிப்பைக் கைவிடுவானாயின், அது அவன் ஒருவனுடைய இழப்பு மட்டுமன்று.

மனத்தளர்ச்சி எங்கிருந்து தோன்றுகிறது? வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசி, பள்ளியில் கன்னடத்தில் பயின்ற மாணவன், கல்லூரியில் ஆங்கில விரிவுரையைக் கேட்கிறான். முன்பே அறிந்த செய்திகூட அவனுக்கு விளங்குவதில்லை. அருகிலிருப்பவர் எல்லோரும் புரிந்துகொண்டதுபோல் தோன்றுகிறது. உடனே, 'எனக்கு அறிவு போதாது' என்று முடிவு கட்டிவிடுகிறான். இம்முடிவு தவறானது. அவனிடம் குறைவது அறிவன்று, பழக்கமே. பழக்கம் நாளடைவில் வருவது. முதல் நாளில் எவருக்கும் வாய்ப்பதில்லை.

இதற்குத் தங்கவயல் மக்கள் நன்கறிந்த சுரங்கத்தையே சான்றாகக் கொள்ளலாம். சாம்பியன் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. அதன் இருண்ட பாதைகளைப் புதிதாக இறங்குபவர் தாமே கண்டறிய இயலுமோ? நம் நாட்டில் 1966 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், புதியவருக்குப் பயிற்சி அளித்த பின்னரே அவரை வேலையில் அமர்த்த வேண்டும் என்கின்றன. வழி தெரியாமை புதியவரின் குற்றமன்று என்பதே இதன் பொருள்.

கல்வித் துறையும் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஆம் ஆண்டில் 'தீட்சாரம்ப்' என்னும் பெயரில் புதுமுக மாணவர்க்கான அறிமுகத் திட்டத்தை வகுத்தது. புதிய சூழலுக்குப் பழகுதல், ஆசிரியரோடும் உடன் பயில்வோரோடும் உறவு கொள்ளுதல், கல்லூரியின் நடைமுறைகளை அறிதல் ஆகியவை அதன் நோக்கங்கள். இத்தகைய நாட்களைப் பாடம் தொடங்காத வீண் நாட்கள் எனக் கருதி வீட்டில் தங்கிவிடுதல் கூடாது.

மாணவர் தாமே செய்யக்கூடியவையும் சில உண்டு. நூலகத்தில் எந்த நூல் எங்குள்ளது என்பதை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். அன்று நடக்கவிருக்கும் பாடத்தைத் தாய்மொழியிலோ கன்னடத்திலோ முன்னரே படித்துச் சென்றால், விரிவுரையின் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும். புரியாததை வகுப்பில் கேட்கக் கூச்சமாயின், வகுப்பு முடிந்தபின் ஆசிரியரைத் தனியே அணுகிக் கேட்கலாம். ஒரே பேருந்தில் வரும் நால்வர் சேர்ந்து பயணத்தின்போதே பாடத்தைப் பேசிக்கொள்வது பெருந்துணையாகும்.

அச்சத்திற்கு மற்றொரு காரணம் ராகிங் என்னும் கொடுமை. இதனைத் தடுக்கத் தமிழ்நாடு 1997 ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் நாடெங்கும் உள்ள கல்லூரிகளில் தடுப்புக் குழு அமைக்கப் பணிக்கின்றன. மூத்தவர் செய்யும் இழிவை மரபென்று எண்ணிப் பொறுக்க வேண்டியதில்லை. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உடனே உரைத்தல் கோழைத்தனம் ஆகாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் முதல் நாளிலிருந்தே மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க வேண்டா. இன்று யாரைச் சந்தித்தாய், எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று கேளுங்கள். பெற்றோர் கல்லூரி காணாதவராயினும் இவ்வினாக்களைக் கேட்க இயலும். விளங்கவில்லை என்பதை வீட்டில் அஞ்சாமல் சொல்லப் பழகிய பிள்ளை, வகுப்பிலும் எழுந்து நின்று அதனைச் சொல்லும்.