பளபளக்குது பழைய வண்டி! பிரேக் பிடிக்குமா, பார்த்தீர்களா?

சனிக்கிழமை சாயங்காலம். சென்னை புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் கடை. வாசலில் வந்து நின்றது 100 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்று. டாங்கியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அத்தனை பளபளப்பு!

ஓட்டி வந்தவர் பாரிமுனையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. பஸ்சில் நசுங்கி அலுத்துப் போனவர். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் 34 ஆயிரம் ரூபாய் கொடுத்து, பத்து வருஷத்துப் பழைய வண்டியை வாங்கி விட்டார். கையில் இன்னும் 6 ஆயிரம் மிச்சம்.

"அண்ணே, படபடன்னு சத்தம் வர்ற சைலன்சர் ஒண்ணு போடணும். முன்னாடி பளிச்சுனு வெள்ளை லைட்டு வேணும்" என்றார்.

மெக்கானிக்குக்கு 60 வயது தாண்டி விட்டது. பதில் சொல்லவில்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினார். முன் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து காட்டினார்.

பிரேக் ஷூ தேய்ந்து, லைனிங் அட்டை மாதிரி இருந்தது!

"பின்னாடி யாரை உட்கார வச்சு ஓட்டப் போறே?"

"காலையில பாப்பாவை ஸ்கூல்ல விடணும் அண்ணே. ஆறு வயசு. வெள்ளிக்கிழமை சம்சாரத்தைக் கோயிலுக்குக் கூட்டிப் போகணும்."

"அப்ப சைலன்சரை மறந்துடு தம்பி. முதல்ல வண்டி நிக்கட்டும். சத்தம் அப்புறம் போடட்டும்!"

வண்டிக்கும் பல் உண்டு!

மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் பல் உண்டு. பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற ஸ்பிராக்கெட்தான் அது. பல் கூராகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அப்போது செயினை மட்டும் மாற்றினால் காசு வீண். இரண்டு ஸ்பிராக்கெட்டும் செயினும் சேர்த்து செட்டாகத்தான் மாற்ற வேண்டும். குமாஸ்தாவின் வண்டியில் பல் நன்றாகவே இருந்தது. "இதுக்கு இன்னும் உயிர் இருக்கு. டைட் வச்சு ஆயில் போட்டாப் போதும்" என்று விட்டு விட்டார் மெக்கானிக்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் வருஷம். பின் டயரில் இருந்தது 1217. அதாவது 2017-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் பாதி இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு! வெயிலில் காய்ந்த ரப்பர் மழைத் தண்ணீரில் வழுக்கும். டயர் பார்க்கத் தடிமனாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

பிறகு முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, ஹேண்டில்பாரை மெள்ளத் திருப்பினார். நடுவில் வந்ததும் 'டக்'கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்தது. கோன் செட் போய் விட்டது! இப்படிப்பட்ட வண்டி நேராகப் போகாது, அலையும். சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. பேரிங் தப்பித்தது.

புகை சொல்லும் சேதி

என்ஜினைப் பார்க்க ஒரு வழி உண்டு. வண்டி வாங்கப் போகிறவர் முதலில் என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று இருக்க வேண்டும். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட் ஆகிற கஷ்டம் தெரியாமல் போய் விடும். சூடான பிறகும் நீலப் புகை தள்ளினால் ஆயில் எரிகிறது. என்ஜினைப் பிரிக்கிற செலவு காத்திருக்கிறது! கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. ஏர் பில்டரையும் கார்புரேட்டரையும் பார்த்தால் பெரும்பாலும் சரியாகி விடும்.

பழைய வண்டி எதுவானாலும் வாங்கியதும் என்ஜின் ஆயிலை மாற்றி விடுவது நல்லது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பது யாருக்குத் தெரியும்? பெட்ரோல் குழாயையும் பார்க்க வேண்டும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்குத் தாங்காமல் வெடிக்கலாம். அங்கே கசிந்தால் கீழே சூடான என்ஜின்!

சத்தத்துக்கு 5 ஆயிரம்!

சைலன்சர் ஆசையை மெக்கானிக் விட்டு விடவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்; 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு என்று சொன்னார். குமாஸ்தாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

லைட்டும் அப்படித்தான். கூடுதல் வாட் பல்பு போட்டால் ஹோல்டர் சூடாகி உருகும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். கண்ணாடியைத் துடைத்து, கம்பெனி சொன்ன அளவில் புது பல்பு போட்டதுமே சுவரில் வெளிச்சம் பளிச்சென்று விழுந்தது!

"முதல்ல வச்சிருந்தவன் ஸ்டைலுக்காக சேலை கார்டைக் கழட்டிட்டான், பாரு. சம்சாரம் முந்தானை சக்கரத்துல போனா என்ன ஆகும்?" என்றார் மெக்கானிக். பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற தடுப்பு வேண்டும் என்று விதியே இருக்கிறது. சேலை கார்டு ஏறியது. இல்லாத இடது பக்கக் கண்ணாடியும் ஏறியது.

பேர் மாற்றினாயா?

கடைசியாக ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார். கழுத்துப் பக்கம் வெட்டியிருந்த சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டும் ஒத்துப் போயின. ஆனால் பேர்? பழைய சொந்தக்காரர் பேர்தான்!

"பார்ம் 29, 30 எங்கே?"

"அப்புறம் மாத்திக்கலாம்னு சொன்னார், அண்ணே..."

இந்த 'அப்புறம்'தான் ஆபத்து. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். கடன் போட்டு வாங்கிய வண்டியானால் அடமானம் நீங்கியதற்கான பார்ம் 35-ம் வேண்டும். பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் விற்றவருக்கும் இதில் தூக்கம் போகும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்த வண்டிக்குச் சேதம் என்று கேட்டுப் போகும்போது கை விரித்து விடுவார்கள்.

மிச்சப் பணம்

இரண்டு பிரேக் ஷூ, பின் டயரும் டியூபும், கோன் செட், பெட்ரோல் குழாய், ஆயில், பல்பு, சேலை கார்டு, கண்ணாடி, கூலி. எல்லாம் சேர்ந்து 5 ஆயிரத்துக்குக் கிட்ட ஆயிற்று. வெளியே பார்த்தால் வண்டி வந்தபோது இருந்த மாதிரியேதான் இருந்தது. குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மிச்சம் ஆயிரம் ரூபாய் இருந்தது. "அதுக்கு என்ன வாங்கலாம் அண்ணே?" என்றார்.

"பாப்பா தலைக்கு ஒரு சின்ன ஹெல்மெட். நாலு வயசுக்கு மேலே எல்லாருக்கும் கட்டாயம், தெரியுமில்லே?"

திங்கட்கிழமை காலை. புளியந்தோப்பு நெடுஞ்சாலை. சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது ஓர் ஆட்டோ! குமாஸ்தா இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தினார். ஆட்டோவுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"ஏம்ப்பா நிறுத்திட்டே?" என்று கேட்டது பின்னால் இருந்த குட்டி ஹெல்மெட்.

"ஒண்ணுமில்லே கண்ணு. வண்டி நிக்குதான்னு பார்த்தேன்" என்றார் அவர்.