தரை தேடும் சிறகுகள் – 9: காற்றுக்கும் இடம் விடுங்கள்

ஓடுபாதையின் நீளத்தை எது தீர்மானிக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். ஓடுபாதையே கேட்காமல் நின்ற இடத்திலிருந்து எழும்பி, நினைத்த இடத்தில் இறங்கும் விமானங்களுக்கு இந்த வாரம் வருவோம். இந்தக் குடும்பத்தில் மூத்தது ஹெலிகாப்டர். கடைக்குட்டி, பேட்டரியில் ஓடும் பறக்கும் டாக்ஸி. இவை இறங்க ஒரு மொட்டை மாடியும் அதில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு குறியும் இருந்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. போதாது. சக்கரம் தொடும் தரை, இறங்குதளத்தின் மிகச் சிறிய பகுதி. மீதியெல்லாம் காற்று. அந்தக் காற்றுக்கு இடம் ஒதுக்காமல் கட்டிய தளங்கள் உயிர்களைப் பறித்திருக்கின்றன.

முதலில் அளவுகள். மின்சார விமானங்கள் இறங்கும் தளங்களுக்காக அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2022 செப்டம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விசிறிகள் சுற்றிக்கொண்டிருக்கும் விமானத்தை முழுதாக அடைக்கக்கூடிய மிகச் சிறிய வட்டம் எதுவோ, அதன் குறுக்களவுதான் அடிப்படை அலகு. அது 50 அடி என்று வைத்துக்கொண்டால், விமானம் வந்து அமரும் திட்டு 50 அடி. அதைச் சுற்றி, விமானம் அணுகி வந்து மிதக்கும் பகுதி 100 அடி. அதற்கும் வெளியே, கணக்குத் தப்பினால் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்பு வளையம் 150 அடி. சதுரமாகப் போட்டால் அரை ஏக்கருக்குச் சற்று அதிகம். ஒரே ஒரு விமானம் இறங்க இவ்வளவு. பயணிகள் காத்திருக்கும் கூடம், சார்ஜ் ஏற்றும் இடம், அடுத்த விமானம் ஒதுங்கி நிற்கும் இடம் எதுவும் இதில் சேரவில்லை.

இனி வானத்தில் ஒதுக்க வேண்டிய இடம். தளத்தின் விளிம்பிலிருந்து 8 அடி விலகினால் 1 அடி உயரும் ஒரு சாய்தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அது 4,000 அடி தூரம் போகிறது. அந்த முனையில் அதன் உயரம் 500 அடி, அகலமும் 500 அடி. இந்தச் சாய்வுக்கு மேலே கட்டடமோ செல்போன் கோபுரமோ பனைமரமோ தலைநீட்டக் கூடாது. காற்றடிக்கும் திசை மாறும் என்பதால் இப்படி ஒரு வழி போதாது. குறைந்தது 135 டிகிரி விலகி இன்னொரு வழியும் இருக்க வேண்டும் என்பது விதி. தளம் கட்டும்போது வெட்டவெளியாக இருந்த திசையில் ஐந்து வருடம் கழித்து ஒரு அடுக்குமாடி எழுந்தால் தளத்தின் கதை முடிந்துவிடும். பக்கத்து மனையில் யார் எத்தனை மாடி எழுப்பலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லாத ஊரில், இறங்குதளத்துக்குச் செலவழிப்பது வீண்.

செங்குத்தாக இறங்கும் விமானத்துக்குச் சாய்வான பாதை எதற்கு? ஹெலிகாப்டர் தன் விசிறியால் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. முன்னோக்கி நகராமல் நேர்கீழாக வேகமாக இறங்கினால், தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே தான் விழுகிறது. விசிறியின் விளிம்பில் காற்று வளையமாகச் சுருண்டு சுற்றத் தொடங்க, தூக்குவிசை சரிகிறது. விசையைக் கூட்டினால் சுழலும் கூடும். விமானிகள் பெரிதும் அஞ்சும் நிலை இது. போதாக்குறைக்கு, வேகமும் இல்லாமல் உயரமும் போதாமல் இருக்கும்போது இன்ஜின் நின்றால் தப்பிக்க வழி குறைவு. அதனால்தான் முன்னோக்கி நகர்ந்தபடியே சரிந்து வந்து, தளத்துக்கு மேலே நிதானித்து, பிறகு தரை தொடுகிறார்கள்.

அந்தக் கடைசி நிதானிப்பில்தான் தரையில் இருப்பவர்களுக்கு ஆபத்து தொடங்குகிறது. ஹெலிகாப்டரின் எடையை, விசிறி சுற்றும் வட்டத்தின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். நான்கு பேர் உட்காரும் ராபின்சன் ஆர்44-க்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ வரும். கடல் மீட்புக்குப் போகும், 12 டன் எடை கொண்ட சிகோர்ஸ்கி எஸ்-92-க்கு 52 கிலோ. இறக்கை அப்படியே நிற்க, அதன் நுனிகளில் உள்ள விசிறிகளை மட்டும் திருப்பும் அமெரிக்க ராணுவத்தின் ஆஸ்ப்ரேக்கு 110 கிலோவைத் தாண்டும். இந்த எண் ஏற ஏற, கீழே பாயும் காற்றின் வேகமும் ஏறும். ஏட்டுக் கணக்குப்படி ஆர்44-இன் அடியில் காற்று மணிக்கு 54 கிலோமீட்டர், எஸ்-92-இன் அடியில் 100-க்கு மேல், ஆஸ்ப்ரேயின் அடியில் 150 அளவுக்கு. குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் துவைகல்லில் விழுந்து நாலாபுறமும் ஓடுவதுபோல, இந்தக் காற்றும் தரையில் மோதித் திரும்பி, தரையோடு தரையாக வெளியே பாய்கிறது. மனிதர்கள் நடமாடும் உயரத்தில்தான் அதன் வேகம் அதிகம்.

2022 மார்ச் 4. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் உள்ள டெரிஃபோர்ட் மருத்துவமனைக்கு, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோன ஒரு நோயாளியைக் கடலோரக் காவல் படையின் எஸ்-92 கொண்டுவருகிறது. ஹெலிபேட் தரைமட்டத்தில் இருக்கிறது. அதை ஒட்டி, பொதுமக்கள் காரை நிறுத்திவிட்டு நடந்து போகும் வாகன நிறுத்துமிடம். ஹெலிகாப்டர் இறங்கும்போது பாய்ந்த காற்று அங்கே நடந்துகொண்டிருந்த 87 வயதுப் பெண்மணி ஒருவரைத் தூக்கித் தள்ளியது. தலையில் அடிபட்டு அவர் இறந்தார். இன்னொருவருக்குப் பலத்த காயம். ஹெலிகாப்டரில் எந்தக் கோளாறும் இல்லை. இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்கியது. நோயாளியையும் கொண்டுவந்து சேர்த்தது.

பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2023-இல் வெளியிட்ட அறிக்கையை, தளம் வடிவமைக்கும் ஒவ்வொருவரும் வரி விடாமல் படிக்க வேண்டும் என்பேன். அந்த ஹெலிபேட் கட்டப்பட்ட காலத்து வழிகாட்டுதல்களை மீறாமல்தான் கட்டப்பட்டிருந்தது. ஆனால் கீழ்நோக்கிப் பாயும் காற்றைப் பற்றி அந்த வழிகாட்டுதல்கள் போதுமான அளவு பேசவில்லை. மருத்துவமனை ஹெலிபேடுகளுக்கான புதிய கையேட்டில் அந்தக் குறை நீக்கப்பட்டிருந்தது. பெரிய ஹெலிகாப்டர் வரும் இடங்களில் 50 முதல் 65 மீட்டர் வரை ஆள் நடமாட்டம் கூடாது என்று அது சொன்னது. ஆனால் கையேடு வந்தது ஹெலிபேட் கட்டி முடித்த பிறகு. பழைய தளங்களுக்கு அது கட்டாயமும் இல்லை. விபத்துக்கு முன்பு அப்படி ஒரு கையேடு இருப்பதே, மருத்துவமனையில் விசாரிக்கப்பட்ட ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. காற்று அடித்ததாக ஏற்கெனவே புகார்கள் வந்திருந்தன. ஒவ்வொன்றும் பதிவாகி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏதோ ஒரு நடவடிக்கையும் எடுக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, அந்த வாகன நிறுத்துமிடமே ஆபத்தான இடம் என்று யாரும் சொல்லவில்லை. பணியாளர்களின் கவனம் முழுக்க ஹெலிபேடின் எல்லைக்குள் யாரும் நுழையக் கூடாது என்பதில் இருந்தது. அன்றைக்கு ஹெலிகாப்டரை ஓட்டிய தலைமை விமானி, சுற்றியுள்ள வாகன நிறுத்துமிடத்தையும் மருத்துவமனை ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானியோ, ஹெலிபேடை மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தார். எல்லைக்கோடு வரைபடத்தில் இருந்தது. காற்று அதைத் தாண்டிப் போனது. கோட்டுக்கு வெளியே இருந்த மனிதர்களுக்கு யாருமே பொறுப்பாக இல்லை.

மண்தரை என்றால் காற்றோடு புழுதியும் சேரும். கீழே என்ன இருக்கிறது என்றே விமானிக்குத் தெரியாமல் போகும். 1980 ஏப்ரலில், ஈரானில் பிணையாக இருந்த அமெரிக்கர்களை மீட்கப் போன படை பாலைவனத்தில் இறங்கியது. அங்கே ஒரு ஹெலிகாப்டர் தான் கிளப்பிய புழுதிக்குள்ளேயே தடுமாறி எரிபொருள் விமானத்தின் மீது மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். நம் ஊரில் தேர்தல் வந்தால் கல்லூரி மைதானங்களில் தற்காலிக ஹெலிபேட் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து அடிப்பது இந்தப் புழுதிக்காகத்தான். அது சரியான வேலை. ஆனால் தலைவரைப் பார்க்க வருகிற கூட்டத்தைத் தடுப்புக் கட்டைக்குப் பின்னால் மிக அருகில் நிறுத்துகிறார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

சரி, தரையில் வேண்டாம், மாடிக்குப் போவோம் என்றால் அங்கே வேறு கணக்குகள். விமானம் தடாலென்று அமர்ந்தாலும் தாங்க வேண்டும் என்பதால், அதன் முழு எடையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி தளத்தைக் கட்டச் சொல்கிறது எஃப்.ஏ.ஏ. விளிம்பைச் சுற்றி 5 அடி அகலத்துக்கு வலை வேண்டும். கட்டடத்தின் சுவரில் மோதி மேலேறும் காற்று, மாடி விளிம்பில் கிழிந்து சுழலும். அந்தச் சுழல் அடியில் நழுவிப் போகத் தளத்தைக் கூரைக்கு மேலே தூண்களில் உயர்த்தி நிறுத்துவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் நியூயார்க்கின் பான் ஆம் கட்டடத்தை மறக்க முடியாது. 59 மாடிகளின் உச்சியிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு நியூயார்க் ஏர்வேஸ் நிறுவனம் 1965-இல் ஹெலிகாப்டர் விட்டது. 1968-இல் நின்றுபோன சேவை 1977 பிப்ரவரியில் திரும்பத் தொடங்கியது. மே 16 மாலை, விசிறி சுற்றிக்கொண்டிருக்க ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, உலோகச் சோர்வால் ஒரு சக்கரக் கால் முறிந்து ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சாய்ந்தது. மாடியில் நான்கு பேர் இறந்தார்கள். உடைந்த விசிறி இறக்கைத் துண்டு விளிம்பைத் தாண்டி விழுந்து, கீழே மேடிசன் அவென்யூவில் நடந்து போன ஒரு பெண்ணைக் கொன்றது. ஹெலிகாப்டர் சேவை என்று ஒன்று இருப்பதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பெண். அந்தத் தளம் அத்தோடு மூடப்பட்டது.

மாடித் தளம் உயிர்காத்த கதையும் உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் 1972-இல் ஆண்ட்ராஸ் கட்டடம் தீப்பிடித்தபோது, கூரையில் இருந்த ஹெலிபேடிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை மீட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் அதே நகரில் ஜோயெல்மா கட்டடம் எரிந்தது. முந்தைய மீட்பை நினைத்துப் பலர் கூரைக்கு ஓடினார்கள். அங்கே இறங்குதளம் இல்லை. வெப்பமும் புகையும் ஹெலிகாப்டர்களை அண்டவிடவில்லை. கூரையிலேயே பலர் மடிந்தார்கள்.

மின்சார விமானங்கள் சிறியவை, சத்தம் குறைந்தவை. அதனால் காற்றும் குறைவாக இருக்கும் என்று பலரும் நம்பினார்கள். எஃப்.ஏ.ஏ. மூன்று மாதிரி விமானங்களை வைத்து அளந்து பார்த்து, 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேலான காற்று, நான் முதலில் சொன்ன பாதுகாப்பு வளையத்தையும் தாண்டிப் பாய்கிறது. பல விசிறிகள் பக்கம் பக்கமாகச் சுற்றும்போது அவற்றின் காற்றோட்டங்கள் நடுவில் மோதிக் கலந்து, சில திசைகளில் மட்டும் இன்னும் வேகமாகப் பீறிடும் என்பதும் ஒரு காரணம். எந்தத் திசை என்பது விமானத்துக்கு விமானம் மாறும். ஆகவே அந்த 55 கிலோமீட்டர் எல்லைக்குள் வரும் இடத்தை எச்சரிக்கைப் பகுதியாகத் தனியே குறிக்கச் சொல்கிறது திருத்தப்பட்ட வழிகாட்டி.

இந்தியாவும் இந்தப் பாதையில் இறங்கிவிட்டது. சென்னை ஐஐடியில் பிறந்த தி இபிளேன் கம்பெனி இப்படி ஒரு விமானத்தை உருவாக்கிவருகிறது. அவர்கள் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நெரிசலில் சிக்கிய ஆம்புலன்ஸின் சங்கொலியைக் கேட்ட யாரும் விரும்புவார்கள். நாளை ஏதாவது ஒரு மாடியிலோ திடலிலோ இறங்குதளத்துக்கு அனுமதி கேட்டு வரைபடம் வரும்போது, 55 கிலோமீட்டர் காற்றின் எல்லை எந்தத் தெருவில், எந்தப் பள்ளி வாசலில், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் விழுகிறது என்று அதில் வரைந்திருக்க வேண்டும். விமானம் இறங்கும் அந்த ஒரு நிமிடம் அங்கே ஆட்களை நிறுத்தி வைப்பது யார் பொறுப்பு என்று பதவியோடு எழுதியிருக்க வேண்டும். அந்தத் தெருக்காரர்களைக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் அந்த வரைபடத்தை விரித்துக் காட்டிய பிறகுதான் அனுமதிக் கையெழுத்து விழ வேண்டும்.

(தொடரும்)